முப்பது பேர் ஒன்றாக அழுத்திய பொத்தான்

"மூட்ட தூக்கறவன் பொண்ணு இஞ்சினியர் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் போவுதாம். எத்தினி நாளைக்குன்னு பாக்கலாம்!"

எங்கள் தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது இது. என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். என் அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நீ நின்னு பாத்துகினு இரு. எனக்கு சோறாக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அது இரண்டாயிரத்து நாலாம் வருடம். ஆரணியில் மூலைக்கு ஒரு பிரௌசிங் சென்டர் திறந்துகொண்டிருந்த காலம். ஊரை ஒட்டியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். அப்பாவுக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா அதே மில்லின் களத்தில் நெல் காயவைப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்து, முழுதாகப் படித்து, பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான்தான். கல்லூரி கொடுத்த அடையாள அட்டையைப் பஸ்ஸில்கூடக் கழற்ற மாட்டேன். வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் கழற்றுவேன்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இரண்டு பாடம் எடுத்தேன். ஒன்று ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங். இன்னொன்று வெப் அப்ளிகேஷன். அதாவது, பல பேர் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி ஒரு இணையதளத்துக்கு புரோகிராம் எழுதுவது. முதல் பாடம் நான் கல்லூரியில் படித்தது. இரண்டாவதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரௌசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து நானாகவே கற்றுக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் சர்வர்ல ஒரு புது ஆப்ஜெக்ட் பிறக்கும். உங்க விவரம் உங்க ஆப்ஜெக்ட்ல இருக்கும், அடுத்தவங்க விவரம் அவங்க ஆப்ஜெக்ட்ல இருக்கும். ரெண்டும் கலக்கவே கலக்காது" என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அம்பது பேரு ஒரே நேரத்துல வந்தா இன்னா ஆவும் மேடம்?"

"அம்பது ஆப்ஜெக்ட் பிறக்கும். உக்காரு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் பட்டு நெசவு செய்யும் குடும்பத்துப் பெண். மதிப்பெண் நடுத்தரம்தான். ஆனால் காலை எட்டு மணிக்கே லேபுக்கு வந்துவிடுவாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ஒருநாள் கேட்டதற்கு, "வீட்ல மூணு தறி ஓடுது மேடம். படிக்கிறது எனக்கே கேக்காது" என்றாள்.

அந்தப் பருவத்தில் ஒரு தேர்வை இணையதளத்திலேயே நடத்தலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். இருபது கேள்விகள். விடைகளைக் குறித்துவிட்டுக் கடைசியில் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினால், அவரவர் பதிவு எண்ணுக்கு நேராக மதிப்பெண் விழுந்துவிடும். அது இன்டர்னல் மதிப்பெண்ணில் சேரும். புரோகிராம் முழுவதையும் நானே எழுதினேன். எங்கள் துறைத்தலைவர், "தேர்வு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ எங்கிட்ட காட்டும்மா" என்றார்.

"தேவையில்ல சார். பத்து தடவ ஓட்டிப் பாத்துட்டேன்" என்றேன்.

பொய் இல்லை. பத்து முறையும் ஓட்டினேன். பத்து முறையும் தனியாக உட்கார்ந்து ஓட்டினேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை. அன்று பஸ் தாமதம். ஓட்டமும் நடையுமாக லேபுக்குப் போனால், அந்தப் பெண் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தாள். "சர்வரை ஆன் பண்ணி வை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதற்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் அணியில் முப்பது பேர். நேரம் முடிந்ததும், "எல்லாரும் சப்மிட் பண்ணுங்க" என்றேன். முப்பது மவுஸ்களும் ஒன்றாகச் சொடுக்கின. அந்தச் சத்தம் எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

பட்டியலைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். வகுப்பிலேயே முதலாவதாக வரும் மாணவனுக்கு ஆறு. அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது. மூன்று பேருக்கு மதிப்பெண்ணே விழவில்லை.

முதல் மாணவன் எழுந்து நின்றுவிட்டான். "மேடம், ஆறு வர்றதுக்கு சான்ஸே இல்ல மேடம். எல்லாம் கரெக்டா போட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "காலைல சர்வர்கிட்ட யாரு உக்காந்துகினு இருந்தான்னு கேளுங்க மேடம்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த நொடியில் என் மனம் செய்த வேலையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. என் புரோகிராமில் தப்பு இருக்குமோ என்று அது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மதிப்பெண் விழாத அந்த மூன்று பேரையும், கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். பத்தொன்பது மட்டும்தான் கண்ணில் நின்றது.

துறைத்தலைவர் அறைக்கு அவளை அழைத்துப் போனேன்.

"நான் எதையும் தொடல சார். மேடம் சர்வர ஆன் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். அவ்ளோதான்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

"ஆன் பண்ண மட்டும்தான் சார் சொன்னேன்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலோடு அவள் கதை முடிந்துவிட்டது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மதியம் அவளுடைய அப்பா சைக்கிளில் வந்தார். சட்டைக் கையில் சன்னமாகப் பட்டு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமை முதல்வர் முன்னிலையில் விசாரணை. குற்றம் உறுதியானால் இந்தப் பருவத்துக்கு அவளை நிறுத்திவைப்பார்கள்.

"விசாரணை எதுக்குங்க? புதன்கிழமை சேலை அறுத்துக் குடுக்கணும், தறியில குந்தினவன் அப்படியே எழுந்து வந்திருக்கேன். எம்பொண்ணு தப்பு செஞ்சிருந்தா டிசி குடுத்துடுங்க, இட்டுகினு போயிடறேன். படிச்ச வரைக்கும் போதும்" என்றார்.

"அவசரப்படாதீங்க. திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றார் துறைத்தலைவர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் நடுவில் சைக்கிளை நிறுத்தி அவர் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கை மட்டும் மேலும் கீழும் ஆடியது. அவள் தலை குனிந்தே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் கல்லூரி. அவள் எப்படிச் செய்தாள் என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று லேபில் உட்கார்ந்தேன். யார் பெயரில் பதிவாகிறது என்று திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்துக்கொண்டு, முதல் மாணவனின் எண்ணில் நுழைந்து விடைகள் போட்டு அழுத்தினேன். சரியாக வந்தது. அவள் எண்ணில் நுழைந்து பார்த்தேன். அதுவும் சரி. ஒவ்வொரு முறை சரியாக வரும்போதும் அவள் மேல் எனக்கிருந்த சந்தேகம் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது.

பதினொரு மணிவாக்கில், அதே வகுப்பு மாணவிகள் இரண்டு பேர் ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தார்கள். மதிப்பெண் விழாத மூன்று பேரில் ஒருத்தி அவர்களில் இருந்தாள். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்ல உக்காந்து இன்னொரு தடவ போட்டுக் காட்டுங்க" என்றேன்.

போட்டார்கள். ஒன்றாகவே முடித்தார்கள். ஒருத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்ல, விளையாட்டுபோல இரண்டு பேரும் சேர்ந்தே அழுத்தினார்கள்.

"அய்ய, எனக்கு உன் பேரு வருதுடி!" என்று சிரித்தாள் ஒருத்தி.

"எனக்கும் என் பேருதான் வருது. அப்ப உன்னோடது எங்கடி?"

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் இரண்டு திரைகளையும் பார்த்தேன். "இன்னொரு வாட்டி அழுத்துங்க" என்றேன். மறுபடியும் ஒரே பெயர். தனித்தனியாக அழுத்தச் சொன்னேன். சரியாக வந்தது. சேர்ந்து அழுத்தினால் கலந்தது.

அவர்களை அனுப்பிவிட்டு புரோகிராமைத் திறந்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்தது. பதிவு எண்ணுக்கு ஒரு வரி, மதிப்பெண்ணுக்கு ஒரு வரி. இரண்டையும் மேலே, எல்லோருக்கும் பொதுவான இடத்தில் எழுதியிருந்தேன். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புது ஆப்ஜெக்ட் பிறக்கும் என்று நான் நம்பியதும், அப்படியே பாடம் நடத்தியதும் தப்பு. சர்வர் ஒரே ஒரு ஆப்ஜெக்டைத்தான் உருவாக்குகிறது. முப்பது பேரும் அந்த ஒன்றைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் எண்ணை அது குறித்து வைத்திருக்கும். மதிப்பெண்ணை எழுதுவதற்குள் அடுத்தவர் எண் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் மட்டுமே கிடைத்து, அதிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட எனக்கு இது ஒருநாளும் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் என் வகுப்பில் ஒருத்திக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. அவளைத்தான் நான் உட்காரச் சொன்னேன்.

இரண்டு வரிகளையும் வெட்டி, ஒவ்வொருவருக்கும் தனியாக உருவாகும் பகுதிக்குள் ஒட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புரோகிராம் சரியாகிவிட்டது.

பயம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அந்த இரண்டு பெண்களும் விளையாட்டாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்; காரணம் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை விசாரணையில் சர்வரைப் போட்டுக் காட்டச் சொன்னாலும் எல்லாம் ஒழுங்காக வரும். நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். அதே மாதக் கடைசியில் என் புரபேஷன் முடிகிறது; அப்புறம்தான் வேலை நிரந்தரம். அந்த வேலையை நம்பித்தான் அப்பாவை மூட்டை தூக்குவதிலிருந்து நிறுத்தலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். அவருக்கு முதுகில் ஒரு பக்கம் அப்போதே பிடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். தெரு நெடுக, தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நூலை நீவிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நடந்தால் போகலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். நான் தெருமுனையில் நின்று, பாவைச் சுற்றும் வரை பொறுத்துப் போகலாம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சுற்றி எடுத்தும் போனார்கள். தெரு வெறுமையாகக் கிடந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பேஜாரா குந்திகினு இருக்க?" என்றார்.

சொன்னேன். கம்ப்யூட்டர், ஆப்ஜெக்ட் எல்லாம் அவருக்குப் புரியவில்லை. "நீ செஞ்ச தப்புக்கு இன்னொரு வூட்டுப் பொண்ணு மாட்டிகினுச்சி. அதானே?" என்றார்.

"அதாம்மா."

"சொன்னா வேலய வுட்டு எடுத்துடுவாங்களா?"

"எடுத்தாலும் எடுப்பாங்க."

அம்மா அரிசி களைய எழுந்து போனார். போகும்போது, "நாளிக்கி அந்தப் பச்சப் பொடவய கட்டிகினு போ. அதுதான் கசங்காம கீது" என்றார். நான் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கு முன்னாலேயே அவர் முடிவு செய்துவிட்டது அதிலிருந்து தெரிந்தது.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் நான்கு நாற்காலிகள். முதல்வர், துறைத்தலைவர், அவளுடைய அப்பா, நான். அவள் சுவரோரம் நின்றாள். முதல்வர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்தே இருந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"சார், தப்பு இந்தப் பொண்ணு மேல இல்ல. என் புரோகிராம்ல. சர்வரை ஆன் பண்ணச் சொன்னதும் நான்தான். ஆன் பண்ணதைத் தவிர அவ வேற எதுவும் செய்யல."

துறைத்தலைவர் முகம் மாறியது. "எத்தன வரி தப்பு?"

"ரெண்டு வரி சார்."

"ரெண்டு வரி!" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

அவளுடைய அப்பாவுக்குப் புரிய வேண்டுமே என்று மில் எடைமேடையை வைத்து விளக்கப் பார்த்தேன். "ஒரே ஒரு சிலேட்டுதாங்க இருக்கு. ஒரு லாரி நம்பரை எழுதி, எடையை எழுதறதுக்குள்ள அடுத்த லாரிக்காரன் அத அழிச்சிட்டுத் தன் நம்பரை எழுதிட்டா..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "லாரியெல்லாம் வேணாங்க. எம்பொண்ணு மேல தப்பு இருக்கா, இல்லியா?"

"இல்லைங்க."

"அப்ப அந்தப் பத்தொம்பது?"

"அது அவளோடது இல்லைங்க. வேற யாரோடதோ அவ பேருல விழுந்திருக்கு."

"அப்ப எம்பொண்ணோடது எவ்ளோ?"

"தெரியாதுங்க. திரும்பவும் தேர்வு வைக்கணும்."

அவர் மகளைப் பார்த்தார். மூன்று நாளாக இல்லாத ஒரு சின்னச் சிரிப்பு அவர் முகத்தில் வந்து போனது. "அதுவும் இல்லியா உனக்கு?" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

மறுபடியும் தேர்வு வைத்தோம். இந்த முறை தாளில். அவள் பதினொன்று வாங்கினாள். டிசி பேச்சு நின்றுபோனது. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. புரபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். வெப் அப்ளிகேஷன் பாடத்தை என்னிடமிருந்து வாங்கி, துறைத்தலைவரே எடுத்துக்கொண்டார். அதற்கு முன் என் வகுப்பில் நின்று, நான் நடத்திய பாடம் தப்பு என்று சொல்லிவிட்டு வரும்படி முதல்வர் சொன்னார். சொன்னேன். அறுபது பேர் இருந்த வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அவளிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டேன். லேப் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அன்னிக்கி சார்கிட்ட சொன்னது பரவால்ல மேடம்" என்றாள். "எங்கப்பா அன்னிக்கி ரோட்ல வச்சி பேசனாரு பாருங்க, அதுதான் மேடம் இன்னும் போவல."

என் தப்பை நான் ஒப்புக்கொண்டதால் அவள் படிப்பு மிஞ்சியது. ஆனால் கேட்டுக்கு வெளியே அவள் தலை குனிந்து நின்ற அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் திருப்பி வாங்கித்தர முடியவில்லை. பிறகு படித்து முடிக்கும் வரை வழியில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள். அவ்வளவுதான். அவள் அதற்கு மேல் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன். சனிக்கிழமை மதியங்களில் லேபில் பத்துக் கம்ப்யூட்டரை ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாக ஓடி ஓடி அழுத்திப் பார்த்துப் படித்தேன். இந்தப் பருவம் அந்தப் பாடத்தை மறுபடி எனக்கே கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த அன்றே சந்தோஷத்தோடு சேர்ந்து அந்த வெள்ளிக்கிழமைப் பயமும் வந்துவிட்டது. என் வேலையில் எங்கும் தப்பு இல்லை என்று தோன்றுகிற நேரத்தில்தான் எனக்கு இப்போது அந்தப் பயம் அதிகமாகிறது. இந்த இரண்டு வருடமும் அதை யாருக்கும் காட்டாமல் மறைத்து வந்தேன். இந்தத் தடவை மறைக்கவில்லை. புதுத் தேர்வுக்கு நான் எழுதியிருக்கும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்க விருப்பமுள்ள மாணவர்கள் சனிக்கிழமை காலை வரலாம் என்று ஒரு தாளில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு, நேற்று மாலை லேப் கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.